வெப்சைட் வைத்திருக்கிறீர்களா? டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

முதலில் ஒரு வேண்டுகோள். என் பழைய சினிமா விமர்சனத் தளத்தின் முகவரியை யாராவது போனில் சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த முகவரி, அதாவது டொமைன், இப்போது என்னுடையது இல்லை. உள்ளே போனால் பந்தயம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வரும். மேலே தளத்தின் பெயர் அப்படியே இருப்பதால் நான்தான் அதை நடத்துகிறேன் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இல்லை. எட்டு வருடம் பணம் கட்டி வைத்திருந்த இடம் எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். மாங்கூழ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. 2014ல் கூகுளின் இலவச பிளாக்ஸ்பாட்டில் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை கிருஷ்ணகிரியில் மாலைக் காட்சி பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு எழுத உட்காருவேன். ஓசூர் பக்கம் வேலை இருந்தால் ஒரு கன்னடப் படமோ தெலுங்குப் படமோ சேர்த்துப் பார்த்துவிடுவேன். எங்கள் மாவட்டத்தில் மூன்று மொழியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதனால் அது பெரிய விஷயம் இல்லை. பெரிய நடிகர் படங்களுக்கு எழுத ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தியேட்டரில் பத்துப் பேர்கூட இல்லாமல் ஓடி, திங்கட்கிழமை தூக்கப்பட்ட சின்னப் படங்களுக்குத்தான் நான் அதிகம் எழுதினேன். அந்தப் படங்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதாமல் விட்டால் அவை வந்ததே தெரியாமல் போய்விடும் என்பது என் கவலை.

2016 ஜூனில் கிருஷ்ணகிரியில் வெப் டிசைன் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் அறிமுகமானார். என்னைவிட இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "அண்ணா, இவ்வளவு நல்லா எழுதறீங்க, சொந்தமா டாட் காம் எடுத்துக்கலாமே. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன், நீங்க எழுதறத மட்டும் பாருங்க" என்றார். டிசைன், டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம்) எல்லாம் சேர்த்து முதல் வருடம் 12,000 ரூபாய். அடுத்த ஏழு வருடமும் ரெனீவல் என்று வருடத்துக்கு 4,000. ஆக மொத்தம் 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஒரு டாட் காம் பெயருக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் ஆகும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் பணம் அதிகம் வாங்கினார் என்று நான் சண்டை போடவில்லை. அவர் உழைப்புக்கு அவர் வாங்கட்டும். வேறு விஷயத்தில்தான் ஏமாந்தேன்.

ரெனீவல் தேதி ஜூனில் வரும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியும், மே கடைசியிலிருந்து ஜூலை வரை மாங்கூழ் கம்பெனியில் வேலை செய்பவனுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பெங்களூரா மாங்காய் லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எடைச் சீட்டு, பில். நான் ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். அவர் பில் புக்கில் "வெப்சைட் சர்வீஸ்" என்று எழுதி ஒரு தாள் கிழித்துக் கொடுப்பார். டொமைன் பெயர்கூட அதில் இருக்காது. அந்தத் தாள்களில் ஐந்துதான் என்னிடம் மிஞ்சியிருக்கின்றன.

2024 ஜூனில் போனபோது, "ரேட்டெல்லாம் ஏறிடுச்சுண்ணா, இந்த வருஷம் 15,000 ஆகும்" என்றார். என்னால் முடியாது தம்பி, லாகின் விவரத்தைக் கொடு, நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது தனியா தர முடியாதுண்ணா, எல்லா கஸ்டமருக்கும் ஒரே அக்கவுண்ட்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி பத்திரம் எழுதும் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பணம் கட்டினீங்க, சரி. பத்திரம் யார் பேர்ல இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். டொமைன் விவரம் தேடும் பக்கத்தில் போட்டால், பதிவு செய்தவர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. 2018க்குப் பிறகு பெரும்பாலும் அப்படித்தானாம். ஆனால் எந்தக் கம்பெனியில் பதிவு, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும். அந்தக் கம்பெனியின் தளத்தில் என் ஈமெயிலைப் போட்டு பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று அழுத்தினோம். அப்படி ஒரு அக்கவுண்டே இல்லை என்று வந்தது. "மாமா, ரெனீவலுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஒரு வாரம் முன்னாடி உங்களுக்கு மெயில் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டான். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. டாட் காம் பெயர்களுக்கு அந்த நினைவூட்டலைப் பதிவு செய்தவருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பது, இணைய முகவரிகளுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதி. எனக்கு வரவில்லை என்றால் பதிவு செய்தவர் நான் இல்லை.

அடுத்து பேக்கப்பாவது எடுப்போம் என்று, தளத்தில் எழுதி வெளியிடும் மென்பொருளான வேர்ட்பிரஸ் உள்ளே போனோம். டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் என்ற வரி இருக்கவேண்டும். என் திரையில் இல்லை. எனக்கு அவர் கொடுத்திருந்தது எடிட்டர் என்ற அளவிலான லாகின். எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம். மொத்தமாக எடுத்துக்கொண்டு போக முடியாது. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். எட்டு வருடம் தினமும் திறந்த திரை அது. அதில் ஒரு வரி குறைவதை நான் கவனித்ததே இல்லை.

விளம்பரக் கதையையும் சொல்லவேண்டும். 2018 பிப்ரவரியில், தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தது. உடனே அவர் போன் செய்து, "இனிமே நம்ம சைட்டுக்கும் விளம்பரம் போடலாம்ணா, சர்வர் செலவுக்கு ஆகும்" என்றார். சரி என்றேன். ஆட்சென்ஸில் வருமானம் 10 டாலரைத் தொட்டால் நம் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும், 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு தபாலும் வரவில்லை. அக்கா மகன் பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் பின்னால் இருக்கும் சோர்ஸ் கோடு என்ற நிரல் வரிகளைத் திறந்தான். உள்ளே "சிஏ-பப்" என்று தொடங்கி ஒரு நீள எண். அதுதான் விளம்பரப் பணம் போய்ச் சேரும் கணக்கின் எண். அதே எண்ணைத் தேடினால், அவர் செய்து கொடுத்த வேறு நான்கு தளங்களிலும் இருந்தது. அதில் ஒன்று ஒரு கல்யாண மண்டபத்தினுடையது. அவர்களுக்கும் போன் செய்து சொன்னேன், அவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

நான் பணத்துக்காக எழுதவில்லை. விளம்பரத்தில் பெரிதாக எதுவும் வந்திருக்காது என்றும் தெரியும். இருந்தாலும் என் எழுத்தின் மேல் இன்னொருவர் தன் கணக்கை வைத்துவிட்டு, அதை என்னிடமிருந்து மறைத்தது எனக்கு ஆறவே இல்லை.

மறுபடி அவரிடம் போய்க் கேட்டேன். டொமைனை என் பேருக்கு மாற்ற 40,000 கேட்டார். அதுவரை கட்டியது எவ்வளவோ அதே தொகை. மறுத்துவிட்டு வந்தேன். ஜூலையில் தளம் நின்றது. ஆகஸ்டில் போன் செய்தபோது, "வேற பார்ட்டிக்கு வித்துட்டேண்ணா" என்று சாதாரணமாகச் சொன்னார். செப்டம்பரில் அதே முகவரியில் பந்தயப் பக்கம் வந்துவிட்டது. பழைய முகவரிக்கு கூகுளில் ஒரு மதிப்பு இருக்கும், வெளித்தளங்களில் அதற்கு லிங்க் இருக்கும், அதற்காகவே இப்படி வாங்குகிறார்கள். பர்கூரிலிருந்து ஒரு பையன் போன் செய்து, "சார், நீங்களே இப்படிப் போடலாமா?" என்று கேட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை போட 2022ல் சட்டம் வந்தது, 2025ல் மத்திய அரசும் சட்டம் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ஒன்றின் மேல் என் தளத்தின் பெயர் நிற்கிறது. இப்படிப் பழைய டொமைன்களை வாங்கி ஏமாற்றுவதை ஸ்பேம் என்று கூகுள் 2024 மார்ச்சில் விதியில் சேர்த்திருக்கிறது. அதன்படி புகார் அனுப்பியிருக்கிறேன்.

டொமைனைத் திரும்பப் பெற வழி இல்லையா என்று பலர் கேட்டார்கள். டாட் காமுக்கு சர்வதேச நடுவர் முறை ஒன்று இருக்கிறது. ஒரே நடுவர் என்றாலும், ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் 1,500 டாலர் கட்டவேண்டும். அதோடு, அந்தப் பெயரில் டிரேட்மார்க் உரிமை இருப்பதையும் காட்டவேண்டும். பொழுதுபோக்காக எழுதுகிற என்னைப் போன்றவனுக்கு அது எட்டாது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். 2025 மார்ச்சில், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நாமே போடலாம். ஆனால் சேவைக் குறைபாடு நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடவேண்டும். ரசீது இல்லாத மூன்று வருடத்துக்கும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டாவது இருந்திருந்தால் என் மனு இன்னும் பலமாக இருந்திருக்கும். மனு நடப்பதால்தான் அவர் பெயரை இங்கே போடவில்லை.

உங்கள் தளத்தை வேறு ஒருவர் செய்து கொடுத்திருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், டொமைன் கம்பெனியில் உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பரில் அக்கவுண்ட் திறந்து அதற்குள் மாற்றித் தரச் சொல்லுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். வேறு கம்பெனிக்கு மாற்றுவதென்றால், பதிவு செய்தவர் கேட்ட ஐந்து நாளுக்குள் அதற்கான ரகசியக் குறியீட்டைக் கம்பெனி கொடுத்தாகவேண்டும். புதிதாக வாங்கிய டொமைன் என்றால் முதல் 60 நாள் மாற்ற முடியாது, இதை மட்டும் நினைவில் வையுங்கள். வேர்ட்பிரஸில் உங்கள் பெயருக்கு எதிரே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்போர்ட் எடுத்தால் எழுத்து மட்டும்தான் வரும், படங்கள் வராது. படங்கள் இருக்கும் போல்டரை ஹோஸ்டிங் பக்கத்திலிருந்து தனியாக இறக்கவேண்டும்.

நான் இழந்ததில் முக்கால்வாசியை அக்கா மகன், பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலிருந்து தேடி எடுத்துவிட்டான். மொத்தம் 386 கட்டுரைகள், கிடைத்தவை 291. ஒவ்வொன்றாக ஒட்டி, என் பேரிலேயே வாங்கிய புது முகவரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கிடைக்காதவற்றில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. 2017ல், எங்கள் பக்கத்தில் மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் ஆபரேட்டரைச் சந்தித்து எழுதியது. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டு ஓர் இடைவேளை விடுவதையும், கார்பன் குச்சி இரண்டும் எரிந்து தேயத் தேய அதை நகர்த்திக்கொண்டே இருக்காவிட்டால் திரை மங்கி ஜனங்கள் விசில் அடிப்பதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கார்பன் பொறி பட்டுத் தழும்பு விழுந்த அவர் வலது கையைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். படம் எடுத்த போன் அதே வருடம் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அவரும் போன வருடம் காலமாகிவிட்டார். அவர் மகள் என்னிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டார், கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டுரையை அப்போது யாராவது பிரிண்ட் எடுத்திருந்தாலோ, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாலோ, ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தாலோ, பாதி இருந்தாலும் சரி, எனக்கு அனுப்பி வையுங்கள். அவர் கை இருக்கும் அந்தப் படம் கிடைத்தால் போதும்.