ஏற்காட்டில் கோப்புகளை வைக்க கிளவுடா, ஹார்ட் டிஸ்க்கா?

மழைக்காலத்தில் ஏற்காட்டில் மின்சாரம் போனால் வைஃபையும் கூடவே போய்விடும். எஸ்டேட் கணக்கு, ஆட்களின் சம்பளப் பட்டியல், நிலப் பத்திரம் எல்லாம் கூகுள் டிரைவ் மாதிரி கிளவுடில், அதாவது இணையம் வழியாகத் திறக்கும் சேமிப்பிடத்தில் மட்டும் இருந்தால் அன்றைக்கு வேலை அப்படியே நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை கவலையில்லை.

வேகத்தையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 1 மெகாபிட் அப்லோடு கிடைத்தால் 10 ஜிபி படங்களை ஏற்ற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3 டிஸ்க்கில் அதே வேலை சில நிமிடம்தான்.

ஆனால் டிஸ்க் கைதவறி விழுந்தால் உள்ளே இருப்பதை மீட்பது உறுதியில்லை. திருடு போனால் அதோடு சரி. கிளவுடில் அந்தப் பயம் இல்லை. தவறுதலாக அழித்த கோப்பும் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். இலவச இடம் என்னவோ 15 ஜிபிதான், அதையும் ஜிமெயில் பங்கு போட்டுக்கொள்ளும்.

சேலம் டவுனில் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்குக் கிளவுடே போதும் என்பேன். மலையில் இருப்பவர்கள் டிஸ்க்கை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம், ஆதார், கணக்குப் புத்தகம் மாதிரி சின்ன கோப்புகளை மட்டும் கிளவுடிலும் ஏற்றுங்கள். அப்புறம், டிரைவ் செயலியில் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்துவிடுங்கள். சிக்னல் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.