காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்த டெங்கு ஐஜிஎம் டெஸ்டை நம்பி ஏமாந்தோம்

ஐப்பசி மழை விட்ட கையோடு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மதுரை செல்லூர்ப் பக்கம் இருக்கிறோம். ஒன்பது வயது மகளுக்கு ஞாயிறு சாயங்காலம் உடம்பு கொதித்தது. மறுநாள் காலை கிளினிக்கில் கூட்டம் என்பதால் முதலில் லேப்புக்குக் கூட்டிப்போனேன்.

"ஃபீவர் பேக்கேஜ் போட்டுரலாம்ணே, எல்லாம் தெரிஞ்சிரும்" என்றார் அங்கிருந்த தம்பி. டெங்குவுக்கு ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு, சிக்குன்குன்யா, டைஃபாய்டுக்குப் பார்க்கும் வைடால் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு சின்ன வெள்ளை அட்டையை என் கண் முன் நீட்டினார். சி, எம், ஜி என்று மூன்று எழுத்து. எம் என்றால் ஐஜிஎம், ஜி என்றால் ஐஜிஜி, சி என்பது அட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு. சி-க்கு நேரே மட்டும் ஒரு சிவப்புக் கோடு. "பாருங்கண்ணே, எம்ல கோடே இல்ல. டெங்கு கிடையாது. வைடால் பாசிட்டிவ், டைஃபாய்டுதான்." அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் கிளினிக்கில் மூன்று நாள் டைஃபாய்டுக்கு ஊசி போட்டார்கள்.

வியாழன் காலை காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று இருந்தோம். மதியம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். குடித்த இளநீரை அப்படியே வாந்தியெடுத்தாள். துடைத்துவிடும்போது ஈறோரம் ரத்தம். பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?" என்பதுதான். ரத்தம் உறைய உதவும் தட்டணு 31,000-க்கு இறங்கியிருந்தது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகியிருந்தது. டெங்குதான். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் இதில் ஆபத்தான நேரம் என்றார். மணிக்கு ஒரு தரம் நாடி பார்த்து, சலைனை அளந்து அளந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஐஜிஎம் என்பது வைரஸ் அல்ல, வைரஸை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் பொருள். அது ரத்தத்தில் தெரிய நான்கைந்து நாள் ஆகும். இரண்டாம் நாளில் கோடு விழவில்லை என்றால் டெங்கு இல்லை என்று அர்த்தமே கிடையாது. அந்த நாட்களில் பார்க்க வேண்டியது என்எஸ்1. அது வைரஸின் புரதம், முதல் நாளிலிருந்தே தெரியும். அதிலும் நெகட்டிவ் வந்தால் மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. ஐந்து நாளுக்கு மேல் ஐஜிஎம் எடுக்கலாம், அதுவும் அட்டையில் இல்லாமல், லேப் கருவியில் பார்க்கும் எலைசா முறையில். ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்குவதால், போன மாசம் வந்த டெங்கு இந்த மாசச் சளிக்காய்ச்சலிலும் பாசிட்டிவ் காட்டிவிடும். வைடாலும் இப்படி உடம்பின் எதிர்ப்பைப் பார்க்கும் டெஸ்ட்தான். பழைய தொற்று, தடுப்பூசி எதற்கு வேண்டுமானாலும் பாசிட்டிவ் வரும். டைஃபாய்டு சந்தேகம் என்றால் முதல் வாரத்தில் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர்தான் சரி.

தயவுசெய்து டாக்டரைப் பார்க்காமல் லேப்புக்குப் போகாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் கையில் எந்த ரிப்போர்ட் இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன வாரம் அந்த லேப்பில் போய்க் கேட்டேன். "ரிப்போர்ட்ல தப்பு இல்லண்ணே, அன்னைக்கு நெகட்டிவ்தான்" என்றார் அந்தத் தம்பி. அது உண்மைதான். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு எப்படியும் நெகட்டிவ் வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தவர்கள், அதை விற்றுவிட்டு, டெங்கு இல்லை என்று வாயாலும் சொல்லி அனுப்பினார்கள். பணத்தைக் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கும் முன் எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று கேட்டு, அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள் என்றேன். ஓனரிடம் சொல்வதாகச் சொன்னார்.