துணிக் கூரையா, கெட்டிச் சுவரா? கடுங்குளிருக்கான பிக்கப் கேம்பர் ஒப்பீடு

பிக்கப் வண்டியின் பின்புறச் சரக்குத் தொட்டியில் ஏற்றிப் பொருத்தும் சிறு வீட்டுக் கூடுதான் கேம்பர். அதன் வகைகளை ஒப்பிட உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. யூக்கானில் டாசன் நகருக்குக் கிழக்கே தொடங்கி இனுவிக் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளும் சரளைக்கல் சாலை அது. 2017இல் அங்கிருந்து ஆர்க்டிக் கடலோரமுள்ள டுக்டோயாக்டுக் வரை புதிய சாலையும் திறக்கப்பட்டது. சாலை தொடங்கும் இடத்தை விட்டால், 369ஆவது கிலோமீட்டரில் இருக்கும் ஈகிள் பிளெய்ன்ஸ் வரை எரிபொருள் கிடையாது. கோடையில் பீல், மெக்கன்சி ஆறுகளைப் படகில் ஏறிக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் அதே ஆறுகளின் உறைந்த பரப்பின் மேலேயே வண்டி ஓடும். வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கக்கூடிய ஊர் அது. விற்பவர்கள் 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கட்டாயத் தர அளவு எதுவும் இல்லாததால், வாங்குபவரோ கட்டுபவரோ தாமே அலசிப் பார்த்தாக வேண்டும்.

முதலில் எடை. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் பிக்கப்பில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமான ஒரு சிட்டை தெரியும். ஆட்களும் சரக்கும் சேர்த்து அந்தக் குறிப்பிட்ட வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது அதில் இருக்கும். விளம்பரத் தாளில் உள்ள எண்ணை மறந்துவிட்டு இந்த எண்ணை நம்புங்கள். ஃபோர்டு எஃப்-150 வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 700 முதல் 900 கிலோவுக்குள் நிற்கும். எஃப்-350 போன்ற கனரகப் பிக்கப்பில் 1,500 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர், 75 லிட்டர் தண்ணீர், எரிவாயு, கருவிகள், உணவு, உபரிச் சக்கரம் என்று ஏற்றினாலே 400 கிலோ போய்விடும். கேம்பரின் வெற்று எடையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பின்னால் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். அச்சையும் பிரேக்கையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

இப்போது போட்டியாளர்கள். நின்ற இடத்தில் கூரையை உயர்த்தும் துணிச்சுவர் வகை முதலாவது. 1972 முதல் இயங்கும் ஃபோர் வீல் கேம்பர்ஸ் இதில் பழைய பெயர். அலுமினியச் சட்டகத்தில் அமைந்த இதன் எடை, உட்பொருத்தங்களைப் பொறுத்து அரை டன்னை ஒட்டி இருக்கும். கூரையை இறக்கினால் மொத்த உயரம் சுமார் இரண்டரை மீட்டர். மரக்கிளைகள் தொங்கும் காட்டுப்பாதையிலும், ஒருபக்கம் சரிந்த மலைத்தடத்திலும் இதன் தாழ்ந்த ஈர்ப்பு மையத்துக்கு ஈடு கிடையாது. அமெரிக்காவின் யூட்டா பாறைத் தடங்களுக்கு மட்டும் என்றால் வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குளிர்காலம் வந்ததும் கதை மாறுகிறது. தூங்கும் இரண்டு பேரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓர் இரவில் அரை லிட்டருக்குக் குறையாத நீர் ஆவியாக வெளியேறுகிறது. துணிக்கு உள்ளே இன்னொரு காப்புத் திரை மாட்டினால் கதகதப்புக் கூடும். ஆனால் அந்த ஆவி திரைக்கும் துணிக்கும் நடுவே போய் உறைந்துவிடும். காலையில் கூரையை இறக்கும்போது மடிப்புகளில் பனிப்பொருக்கு நொறுங்கும், விறைத்த துணி உள்ளே மடங்க மறுக்கும். அன்று மாலை மறுபடி திறக்கும்போது அது உருகிப் படுக்கைமேல் சொட்டும். இரவில் 20 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருந்தால் கூரை மேல் நூறு கிலோவுக்கு மேல் சுமை இருக்கும். வழித்துத் தள்ளாமல் மூடவோ திறக்கவோ முடியாது. மைனஸ் 25இல் கையுறையோடு இதைத் தினமும் செய்ய வேண்டும் என்பதே என் முதன்மையான ஆட்சேபம்.

இரண்டாவது, கெட்டிச்சுவர் வகை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கெலோனா ஊரின் நார்தர்ன் லைட், ஆர்ம்ஸ்ட்ராங் ஊரின் பிக்ஃபுட் ஆகிய நிறுவனங்கள், மேல் பாதி, கீழ் பாதி என இரண்டே கண்ணாடியிழை வார்ப்புகளாகக் கூட்டைச் செய்கின்றன. இடுப்பளவில் ஓடும் ஒற்றை இணைப்பைத் தவிரக் கூட்டில் வேறு பெரிய மூட்டு இல்லை. கேம்பர்களைச் சாகடிப்பது பெரும்பாலும் கூரை மூட்டில் நுழையும் மழைநீர்தான் என்பதால் இது மிகப் பெரிய அனுகூலம். விலை கொடுப்பது எடையில்: பல மாதிரிகள் வெறுமையாகவே 1,200 கிலோவைத் தாண்டும். வண்டியில் ஏற்றியபின் உயரம் மூன்று மீட்டருக்கு மேல். குறுக்குக் காற்றில் அது நன்றாகவே தெரியும்.

மூன்றாவதாக, இரண்டின் நடுவே நிற்கும் அலாஸ்கன் வகை. 1950களிலிருந்தே இருக்கும் இந்த வடிவத்தில் கெட்டியான மேல்பாதி, ஹைட்ராலிக் விசையில் கீழ்பாதியின் மேல் ஏறி இறங்கும். ஓட்டும்போது தாழ்வு, உறங்கும்போது நான்கு பக்கமும் திடச்சுவர். கருத்தளவில் இதுவே அழகானது. ஆனால் இரு பாதிகளுக்கும் நடுவே சுற்றிலும் ஓடும் ரப்பர்ப் பட்டையில் சரளைத் தூசியும் பனியும் சேரும். மேல்பாதியில் அலமாரி வைக்க இடம் கிடையாது. எடையும் துணி வகையைவிடக் கணிசமாகக் கூடும்.

சுவரின் உள்கட்டுமானத்தையும் விடக் கூடாது. அலுமினியம் பாலிஸ்டைரீன் நுரையைவிட ஆறாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நுரைக்கு நடுவே அலுமினியக் குழாய்ச் சட்டகம் ஓடினால், கொதிக்கும் குழம்பில் விட்ட கரண்டிக் காம்பு சுடுவதுபோல, உள்வெப்பம் அந்தக் குழாய் வழியே வெளியேறும். குளிர்ந்த காலையில் உட்சுவரில் சட்டகத்தின் வடிவம் ஈரக்கோடுகளாகத் தெரிவதைப் பார்க்கலாம். மரச்சட்டகத்துக்கு இந்தக் குறை குறைவு. ஆனால் நீர் கசிந்தால் உளுத்துப்போகும், அலையலையான சரளைச் சாலையில் ஆணிகள் தளரும். சட்டகமே இல்லாமல், நுரையின் இருபுறமும் கண்ணாடியிழைத் தகடு ஒட்டிய பலகைகளால் கட்டுவதே என் தேர்வு.

வெப்பமூட்டியில் புரொப்பேனா, டீசலா? புரொப்பேன் மைனஸ் 42இல்தான் கொதிக்கும் திரவம். அந்த அளவை நெருங்க நெருங்க உருளைக்குள் அழுத்தம் சரிந்து அடுப்பும் ஹீட்டரும் சோர்ந்துவிடும். டீசலில் ஓடும் வண்டியானால், டீசல் ஹீட்டர் அதன் எரிபொருள் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 2 கிலோவாட் கருவி முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் குளிர்கால டீசல் ஊற்றாவிட்டால் எரிபொருளே கெட்டியாகும்; உயரமான மலைகளில் மந்தமாக எரியவிட்டால் கரி படியும். யூக்கானுக்கு டீசல், கொலராடோவின் 3,000 மீட்டர் உயரங்களுக்கு காற்று மெலிவதற்கேற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள டீசல் ஹீட்டர் என்பேன். எதுவானாலும் புகைக்குழாய் வெளியே போக வேண்டும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது; சமையல் அடுப்பையே ஹீட்டராக எரிப்பவர் தாமே மழை பெய்வித்துக்கொள்கிறார். கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

பேட்டரிக்கு லித்தியம் அயன் பாஸ்பேட் நல்லது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே அதை மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். எனவே பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் மூன்றும் சூடான கூட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே தொங்கும் கழிவுநீர்த் தொட்டியைவிட, எடுத்துக் கொட்டும் கேசட் கழிவறை உத்தமம். படுக்கைக்குக் கீழே காற்றோடும் சட்டங்கள் வேண்டும். இல்லையென்றால் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே வண்டியில் பனியையும் காட்டுப்பாதையையும் சமாளிக்க வேண்டுமென்றால், கனரகப் பிக்கப் மேல் சிறிய கெட்டிச்சுவர்க் கூடு என்பதே என் முடிவு. பக்கவாட்டில் நீளும் அறைகள் வேண்டாம், நீளமும் சரக்குத் தொட்டியை மீற வேண்டாம். குறுகலான தடங்களை இழப்பேன். பனிப்புயலில் ஓரங்கட்டிய அடுத்த நிமிடம் உள்ளே போய்த் தேநீர் போட முடியும் என்பதற்காக அந்த இழப்பை ஏற்கிறேன்.

பொருத்தும் முறை மிச்சமிருக்கிறது. பிக்கப்பின் அடிச்சட்டகம் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் தனித்தனியாக இருப்பதே அதனால்தான். கேம்பரைத் தொட்டியின் மெல்லிய தகட்டில் கட்டினால் தகடு நாளடைவில் கிழியும். அடிச்சட்டகத்தில் பதித்த கொக்கிகளில் ஸ்பிரிங் வைத்த இறுக்கிகளால் கட்டுவது மேல். தொட்டியைக் கழற்றிவிட்டு, மூன்று புள்ளிகளில் சுழலும் தாங்கியின் மேல் கூட்டை அமர்த்துவது எல்லாவற்றிலும் மேல். செலவும் எடையும் கூடும். எந்த முறையானாலும் சரளையில் முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி, நான்கு மூலைகளிலும் இறுக்கம் குறைந்திருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.