கல்லூரிக்கு லேப்டாப்: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

கவுன்சிலிங் முடிந்து கல்லூரி உறுதியானதும் வீட்டில் எழும் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கடையில் ஐ5-ஆ ஐ7-ஆ, 8 ஜிபியா 16 ஜிபியா என்று அரை மணி நேரம் பேசுவோம். எந்த ஓஎஸ், அதாவது இயங்குதளம், என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் நான்கு வருடப் படிப்பில் அந்த லேப்டாப்பில் எது ஓடும், எது ஓடாது என்பதை ஓஎஸ்தான் முடிவு செய்கிறது.

முதலில் பாடப்பிரிவைப் பாருங்கள். சிவில் படிப்பவர்களுக்கு ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், ரெவிட் எல்லாம் வரும். மூன்றுமே விண்டோஸ் மென்பொருள்கள். மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸும் அப்படித்தான். ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு. ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கிற எல்லா வசதிகளும் அதில் இல்லை. இசிஇ பிரிவில் சிப் வடிவமைப்புக்கான விவாடோ விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மேக்கில் ஓடாது. பி.காம். மாணவருக்கு டேலிபிரைம், பவர் பிஐ டெஸ்க்டாப் இரண்டும் விண்டோஸுக்கென்றே செய்தவை. இந்தப் படிப்புகளில் சேருபவர்களுக்கு நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைனைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்று சீனியர் யாராவது சொல்வார். சில மென்பொருள்கள் ஓடவும் செய்யும். ஆனால் மறுநாள் காலை ரெக்கார்டு வைக்க வேண்டிய இரவில், பாடத்தை விட்டுவிட்டு வைனோடு மல்லுக்கட்டும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வர வேண்டாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் கதை வேறு. சி, ஜாவா, பைத்தான், கிட், விஎஸ் கோட், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எல்லாம் மூன்று தளங்களிலும் ஓடுகின்றன. இங்கே உண்மையான போட்டி விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையில்தான். வேலைக்குப் போனதும் தொடப்போகும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவை என்பதால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கை பழகுவது அவசியம். அதற்காக விண்டோஸைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்றொரு வசதி உண்டு. பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் ஒரே கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். இதற்கு ஹோம் பதிப்பே போதும், ப்ரோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ரேம் மட்டும் 16 ஜிபி இருக்கட்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் டபிள்யூஎஸ்எல்லும் சேர்ந்து ஓடினால் 8 ஜிபி திணறிவிடும்.

அப்படியானால் லினக்ஸ் மட்டும் போட்ட லேப்டாப் யாருக்கு? பட்ஜெட் இறுக்கமானவர்களுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே மாடல் விண்டோஸுடன் ஒரு விலையிலும், 'டாஸ்' (அதாவது விண்டோஸ் இல்லாமல்) அல்லது உபுண்டுவுடன் அதைவிடக் குறைந்த விலையிலும் கிடைப்பதுண்டு. குறைந்த விலைப் பெட்டியை எடுத்தால், "ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம் சார்" என்பார்கள் பல கடைகளில். அவர்கள் போடுவது பெரும்பாலும் கிராக் செய்த விண்டோஸ். அந்த கிராக் வேலை செய்ய முதலில் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அதாவது பாதுகாப்பைக் கழற்றிவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி அனுமதி கொடுக்கிறோம். பிறகு அதே லேப்டாப்பில் அப்பாவின் நெட் பேங்கிங், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ஆதார் நகல் எல்லாம். தயவுசெய்து வேண்டாம். லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால் உபுண்டுவைப் போடுங்கள். அது திருட்டும் இல்லை, குறையும் இல்லை. 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வரும்.

உபுண்டு நம் பிள்ளைகளுக்கு அந்நியமும் அல்ல. தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. அவற்றில் உபுண்டு நன்றாக ஓடும்.

லினக்ஸில் இடறும் இடங்களும் உண்டு. அடோபி மென்பொருள்கள் கிடையாது. எம்எஸ் ஆபீஸை பிரவுசரில்தான் திறக்க முடியும். அதற்கு மாற்றான இலவச லிப்ரெஆபீஸில் செய்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வேர்டில் திறந்தால் அட்டவணையும் பக்க எண்ணும் நகர்ந்திருக்கும்; பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுப்பது நல்லது. சில மாடல்களில் வைஃபையும் கைரேகை சென்சாரும் மக்கர் செய்யும். அப்புறம், ஆன்லைன் தேர்வு. பல இடங்களில் பயன்படும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு விண்டோஸ், மேக் பதிப்புகள் உண்டு, லினக்ஸுக்கு இல்லை. ப்ளேஸ்மென்ட் சமயத்தில் நண்பரின் லேப்டாப்பைக் கடன் கேட்க வேண்டிவரலாம்.

மேக் நல்ல கணினி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 வந்ததிலிருந்து பேட்டரி விஷயத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். வகுப்பறையில் நாற்பது பேருக்கு இரண்டு ப்ளக் பாயின்ட் இருக்கும் கல்லூரியில் அது பெரிய விஷயம். ஐபோன் ஆப் செய்ய எக்ஸ்கோடு வேண்டும். அது மேக்கில் மட்டும்தான். விஸ்காமில் ஃபைனல் கட்டில் வேலை செய்பவர்களுக்கும் இதுவே. ஆனால் 2025 மார்ச்சில் வெளியானபோது எம்4 மேக்புக் ஏரின் இந்தியத் தொடக்க விலை 99,900 ரூபாய், மாணவர் சலுகையில் 89,900. பல தனியார் கல்லூரிகளில் ஒரு வருடக் கட்டணமே அதற்குப் பக்கத்தில்தான் வரும். ரேமும் ஸ்டோரேஜும் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது. பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸையும் நேரடியாகப் போட உதவிய பூட் கேம்ப் வழியும் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் வேண்டுமென்றால் மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போல ஒன்றை வைத்து, ஆர்ம் வகைச் சிப்புகளுக்கான விண்டோஸ் பதிப்பைத்தான் ஓட்ட வேண்டும். வட்டிக்குக் கடன் வாங்கி மேக் வாங்கித் தர நினைக்கும் பெற்றோரை நான் தடுக்கவே செய்வேன். கல்லூரிப் பாடத்தில் அதனால் மட்டுமே ஆகும் வேலை மிகக் குறைவு.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் குரோம்புக் பள்ளிப் பிள்ளைக்குச் சரி, பொறியியலுக்குப் போதாது. இன்டெலுக்குப் பதில் ஆர்ம் வகை ஸ்நாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது. ஆனால் சில பொறியியல் மென்பொருள்களும் டிரைவர்களும் ஒத்துவராமல் போகலாம் என்பதால் முதல் லேப்டாப்பாக அதை எடுக்காதீர்கள். தமிழ்த் தட்டச்சுக்காக எதையும் ஒதுக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, உபுண்டுவிலும் எளிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் என்று முடிவானால், கடையை விட்டு வருவதற்கு முன் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா பாருங்கள். முதல் செட்டப்பை மாணவரின் சொந்த மின்னஞ்சலில் செய்யுங்கள். கடைப் பையன் அவசரத்துக்குத் தன் ஐடியைப் போட விடாதீர்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பின்னாளில் உபுண்டுவைப் பக்கத்தில் நிறுவ பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளில்) கை வைத்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத் திரை வந்து நிற்கலாம். அந்த எண், முதலில் உள்நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அது யாருடைய கணக்கு என்று தெரியாவிட்டால், மூன்று வருடப் ப்ராஜெக்ட் கோப்புகளையும் மறந்துவிட வேண்டியதுதான். வாங்கிய அன்றே அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.