விட்சர்: முதலில் கேமா, புத்தகமா?

செலவு: 2015-ல் வந்த ‘விட்சர் 3’ கேம் ஆஃபரில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதை ஓட்ட ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமே! விட்சர் கதைகளை எழுதிய போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் புத்தகத்துக்கு டியூப்லைட் போதும்.

நேரம்: கேமின் முக்கியக் கதைக்கே சுமார் 50 மணி நேரம். நடுவில் கேமுக்குள்ளேயே வரும் க்வென்ட் சீட்டாட உட்கார்ந்தால், அரக்க வேட்டைக்காரன் (அதுதான் விட்சர்) கெரால்ட் தன் வளர்ப்பு மகள் சிரியைத் தேடும் வேலை அம்போ. ‘தி லாஸ்ட் விஷ்’ புத்தகமோ சிறுகதைத் தொகுப்பு. பஸ்ஸில் ஒரு கதை முடியும்.

கதை: கேம், நாவல்களுக்குப் பின் நடப்பது. சிரியைச் சிறுமியாகப் படிக்காதவருக்கு அந்தத் தேடலில் பாதி உருக்கம்தான் மிஞ்சும். ஆனால் ‘பிளடி பாரன்’ (Bloody Baron) என்ற பிரபுவின் பகுதி கேமுக்கே உரியது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், பிறக்காமல் போன சிசுவைக் கையில் ஏந்தி நடப்பான். அந்த நடையை நாமே காவல் காக்க வேண்டும். படித்தால் இது வராது.

பொறுமைசாலிகள் ‘தி லாஸ்ட் விஷ்’ஷில் தொடங்கலாம். வாள் சுழற்றத்தான் ஆசையா? நேரே மூன்றாம் பாகம்.