முதல் பைக் எடுக்கிறீர்களா? 'ஆன்ரோடு' விலையைப் பிரித்துக் கேளுங்கள்

தம்பிக்கு லைசென்ஸ் வந்த கையோடு ஒரு 125 சிசி பைக் எடுத்தோம். திருச்சியில் ஓரளவு பெரிய ஷோரூம்தான். பெயரை எழுதப் போவதில்லை. ஒரே 'ஆன்ரோடு' விலையைச் சொல்லி அதற்குள் தேவையில்லாத கட்டணங்களை நுழைக்கும் இந்த வித்தையை, ஊரில் விசாரித்த வரைக்கும் ஒரு கடை மட்டும் செய்வதாகவும் தெரியவில்லை. தீபாவளி நேரம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்ததால் கடையில் நிற்க இடமில்லை. கூட்டம் இருக்கும் கடையில் கேள்வி கேட்பவனை யாருக்கும் பிடிக்காது.

சேல்ஸ் பையன் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்: 1,16,800. "எல்லாம் சேர்த்துத்தான் சார், ஆன்ரோடு. இதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது." தம்பி அப்போதே தலையாட்டிவிட்டான். அவன் கண்ணுக்கு அந்த நீலக் கலர் பைக் மட்டும்தான் தெரிந்தது. புக்கிங்குக்கு 5,000 கட்டியும் விட்டான்.

பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். "பில் போடும்போது வரும் சார்" என்றார்கள். விடாமல் உட்கார்ந்த பிறகு ஒரு பிரிண்ட் வந்தது. ஷோரூம் விலை 88,000. தமிழ்நாட்டில் 1 லட்சம் வரையிலான புது டூவீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அது 8,800. பதிவு, கடன் பதிவு, ஸ்மார்ட் கார்டு எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். இதுவரை சரி. அதற்குக் கீழேதான் வேடிக்கை.

ஹேண்ட்லிங் சார்ஜ் 2,500. ஆர்டிஓ செலவு என்று தனியாக 500. கட்டணம்தான் மேலேயே வந்துவிட்டதே, இது யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை. நம்பர் பிளேட் 650. ஹெல்மெட் 1,100. 'ஆக்சஸரீஸ் கிட்' 4,200.

ஹேண்ட்லிங் என்றால் என்ன என்று மேனேஜரிடம் கேட்டேன். "குடோன்ல இருந்து வண்டி வரணும்ல சார்." அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கம்பெனி ஷோரூம் விலையே போடுகிறது. நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் விலை வண்டி விலையிலேயே அடக்கம். ஹெல்மெட் விஷயம் பலருக்குத் தெரியாது. டூவீலர் விற்கும்போது பிஐஎஸ் தரத்தில் ஒரு ஹெல்மெட்டைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. இவர்கள் விலையும் போட்டு, ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் ஓரம் பிய்ந்த ஒன்றை நீட்டினார்கள். தாடை பட்டியை இரண்டு தடவை இழுத்ததும் பக்கிள் கையோடு வந்தது.

கிட்டைப் பிரித்துப் பார்த்தால் சீட் கவர், கிராஷ் கார்டு, ஒரு பாட்டில் பாலிஷ், அப்புறம் சாரி கார்டு. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் மறைக்கும் தடுப்பு (இதுதான் சாரி கார்டு), இந்த மூன்றும் வண்டியோடு வந்தாக வேண்டும் என்பது விதி 123. கம்பெனியிலிருந்து வந்த சாரி கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, கிட் என்ற பெயரில் காசு வாங்கித் திருப்பி மாட்டுகிறார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியில் போல்ட் ஓட்டைகள் மட்டும் காலியாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

இன்சூரன்ஸ் 9,850. புது டூவீலருக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அதற்கு 3,851 ரூபாய், வரி தனி. அதன் மேல் சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து அதே வண்டிக்கு ஆன்லைனில் அங்கேயே நின்று போட்டுப் பார்த்தேன்: 6,500. இவர்கள் பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு, 71,000 என்று வேறு இருந்தது. புது வண்டிக்கு வழக்கமாக ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள். இங்கே 83,600 வர வேண்டும். வண்டி திருடு போனால் கைக்கு வருவது இந்த ஐடிவி தொகைதான். அதிகப் பணம் கட்டிக் குறைந்த ஈடு. "வெளியில எடுத்தீங்கன்னா டெலிவரி லேட் ஆகும் சார், கிளெய்ம் வந்தா நாங்க பொறுப்பு இல்ல" என்றார் மேனேஜர். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவர் இஷ்டம். ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் புக்கிங் பணம் அவர்கள் கையில், நல்ல நாள் பார்த்து வைத்திருப்பது அம்மா. இந்த இரண்டும்தான் அவர்களுடைய பலம். தம்பி "விடுண்ணா" என்றான். பில் போட்டார்கள்.

இன்சூரன்ஸில் 3,350 கூடுதல், மற்றவை 8,950. ஆக 12,300 ரூபாய் சும்மா போனது.

கடன் கவுண்டரையும் சொல்லிவிடுகிறேன். "9 பர்சன்ட்தான் சார்" என்றால் அது பிளாட் வட்டியா என்று கேளுங்கள். அதாவது அசல் குறையக் குறையவும் முழுக் கடன் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி. 80,000 ரூபாயை 3 வருடத்துக்கு 9 சதவீதம் பிளாட்டில் வாங்கினால் மாதம் 2,822 வரும். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது 16 சதவீதத்துக்கும் மேல். பேங்கில் கேட்டு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

டெலிவரி நாளன்று பூஜை முடித்து எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது நான் டயரைப் பார்த்தேன். ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். இதில் 4624. அதாவது 2024 நவம்பர். ஃபோர்க் குழாயில் மிளகு தூவியது மாதிரி துருப்புள்ளிகள். டயர் தேதியை மட்டும் வைத்து வண்டிக்கு வயது சொல்ல முடியாது. அதனால் படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழைக் கேட்டேன். தயாரித்த மாதம், வருடம் அதில் இருக்கும். 12/2024 என்று இருந்தது. "புது ஸ்டாக்" என்று விற்றது பத்து மாதப் பழசு. பதிவு முடிந்துவிட்டது, ஆர்சியிலும் அதுதான் வரும், பின்னால் விற்கும்போது விலையும் அதை வைத்துத்தான். சேஸிஸ் நம்பரையும் இந்தத் தேதியையும் பணம் கட்டி முடிக்கும் முன்னால், பதிவுக்கு அனுப்பும் முன்னால் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் பார்த்துப் பெரிய பயன் இல்லை.

முதல் சர்வீஸ் 'இலவசம்'. கூலிதான் இலவசம், ஆயிலுக்குக் காசு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டெஃப்ளான் கோட்டிங், செயின் கிளீனிங் என்று சேர்த்து 1,850 பில். வீட்டுக்கு வந்து செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். செயின் காய்ந்து கிடந்தது, தூசி அப்படியே ஒட்டியிருந்தது. தொய்வு 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. இது கவரின் அடியில் இடித்துக்கொண்டிருந்தது. புதிதாக ஓட்டுபவனுக்கு அந்தச் சத்தம் இயல்பா கோளாறா என்று எப்படித் தெரியும்? தம்பி, பைக் என்றால் இப்படித்தான் சத்தம் வரும்போல என்றே நினைத்து ஓட்டியிருக்கிறான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பிரிண்ட், பில், பாலிசி மூன்றையும் இணைத்தேன். அந்த விசிட்டிங் கார்டையும் சேர்த்துத்தான். அதற்கப்புறம் மேனேஜரே போன் செய்தார், குரலில் ஒரே மரியாதை. ஹேண்ட்லிங், நம்பர் பிளேட் இரண்டுக்குமாக 3,150 திரும்ப வந்தது. ஹெல்மெட்டை மாற்றிக் கொடுத்தார்கள். கிட்டைப் பிரிக்க முடியாது என்கிறார்கள். பழைய ஸ்டாக் பற்றிக் கேட்டால் "கம்பெனிக்கு எழுதியிருக்கோம் சார்" என்பதோடு நிற்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி கிட் பில்லோடு யாராவது இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.