பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு: கொங்குப் பெரியவர்கள் கையில் கேமரா எப்படி உழைக்கிறது

பெரியவர்களுக்கு டச் போன் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். ஒன்றிரண்டு வருடம் புழங்கிய பிறகு பார்த்தால், அந்த எண்ணுக்கும் அவர்கள் படம் எடுப்பதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை. கேமரா ஓரத்துப் பட்டனில் திறக்கிறதா, திரையில் தேடித் தொட்டால்தான் திறக்குமா என்பதுதான் விஷயம். பட்டனில் திறக்கும்படி வைத்துக் கொடுத்த வீடுகளில் பெரியவர்கள் இன்றும் கேமராவை எடுக்கிறார்கள். மற்ற வீடுகளில் அது பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் மட்டுமான போனாக நின்றுவிட்டது. பொள்ளாச்சித் தோப்புகள், ஈரோட்டு மஞ்சள் காடுகள், சோமனூர், பல்லடத்துத் தறிக்குடோன்கள், கோவையில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகள் என்று பல கைகளில் நெடுநாள் புழங்கிய போன்களைக் கவனித்து எழுதுவது இது.

மெகாபிக்சல் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வழக்கமான முறையில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சேமிக்கும். அதுவே தாராளம். முழு 50-ல் எடுத்தால் கோப்பு பல மடங்கு பெருத்து இடத்தை அடைக்கும். கை நடுங்கினால் அந்தக் கூடுதல் நுணுக்கமும் கலங்கிப் போகும்.

பட்டன் போனில் பழகிய விரல் அழுத்தும், ஒரு நொடி நிற்கும், அப்புறம்தான் எடுக்கும். டச் போனில் அந்த ஒரு நொடிக்கு வேறு பொருள். ஷட்டர் வட்டத்தை அமுக்கிப் பிடித்தால் பல போன்களில் வீடியோ ஓட ஆரம்பித்துவிடும்; சிலவற்றில் ஒரே காட்சியை வரிசையாக எடுத்துத் தள்ளும். கேலரியில் ஒரு நொடி, இரண்டு நொடி வீடியோக்கள் குவிந்து கிடந்தால் காரணம் இதுதான். "படமே விழ மாட்டேங்குதுங்க" என்று பெரியவர் சொன்னால், போன் பழுது என்று நினைக்க வேண்டாம். படம் வீடியோவாக விழுந்திருக்கிறது.

இன்னொரு தொல்லை வறண்ட விரல். டச் திரை அழுத்தத்தை உணர்வதில்லை, விரல் பட்டதும் ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தையே உணர்கிறது. வயதானால் தோல் வறளும். மண்வெட்டி பிடித்தும் தேங்காய் உரித்தும் காய்ப்பேறிய விரல் நுனியை, அதுவும் தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய திரை, பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. உடனே இன்னும் பலமாக அழுத்துகிறார்கள், பலன் இல்லை. நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் தொடச் சொல்ல வேண்டும். சாம்சங் போன்களில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே போய் டச் சென்சிட்டிவிட்டியை ஆன் செய்தால் நல்ல மாற்றம் தெரியும். ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் அக்சசிபிலிட்டி பகுதியில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டி வைக்கலாம். விரல் கொஞ்சம் அதிக நேரம் நின்றாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும். கேமராவின் ஷட்டருக்கு மட்டும் இது எல்லாப் போனிலும் பலிக்காது.

இதே காய்ப்பினால் விரல்ரேகைப் பூட்டும் ஒத்துவராது. பத்து முறை வைத்தால் இரண்டு முறை திறக்கும் பூட்டு, பெரியவரைப் போனிலிருந்தே விலக்கிவிடும். நான்கு இலக்கப் பின் எண் போதும்.

ஆகவே பட்டனுக்கே வருவோம். டச் போனிலும் ஓரத்தில் பட்டன்கள் மிச்சம் இருக்கின்றன. பவர் பட்டனை இரண்டு முறை தட்டினால், பூட்டியிருக்கும்போதே கேமரா திறக்கும். சாம்சங்கில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ், சைடு பட்டன், டபுள் பிரஸ். பிக்சல் வகையில் சிஸ்டம், ஜெஸ்ச்சர்ஸ். ரெட்மியில் அடிஷனல் செட்டிங்ஸ், ஜெஸ்ச்சர் ஷார்ட்கட்ஸ். கேமரா திறந்ததும் வால்யூம் பட்டனைத் தட்டினால் படம் விழும். சில போன்களில் வால்யூம் பட்டன் ஜூமுக்கு வைக்கப்பட்டிருக்கும். கேமரா செட்டிங்ஸில் அதை ஷட்டராக மாற்ற வேண்டும். சொல்லிக் கொடுக்கிற பேத்திக்கு இரண்டே வாக்கியம்தான்: "ஓரத்துப் பட்டனை டக்கு டக்குனு ரெண்டு தடவை தட்டுங்க அப்பாரு. படம் தெரிஞ்சதும் மேல இருக்கற நீளப் பட்டனை ஒருக்கா தட்டுங்க, போதும்." திரையைத் தொடும் பேச்சே வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. கேமரா திறக்கவில்லையே என்று பவர் பட்டனைப் படபடவென்று அமுக்கிக்கொண்டே இருந்தால், பல போன்களில் ஐந்தாவது தட்டலில் அவசர அழைப்பு 112-க்குப் போகும். அந்த வசதியை அணைத்துவிடக் கூடாது, வயதானவர்களுக்கு அது தேவை. இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தட்டு என்று பழக்குவதுதான் சரி.

கை நடுக்கத்துக்கு முழங்கை இரண்டையும் விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தோப்பில் என்றால் மரத்திலும் வீட்டில் என்றால் கதவு நிலையிலும் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். கேமரா டைமரை 2 அல்லது 3 நொடிக்கு வைத்துவிட்டால் பட்டன் தட்டும்போது வரும் ஆட்டம் அடங்கிய பிறகு படம் விழும். போனைப் படுக்கை வசமாகப் பிடிக்கும்போது இடதுகை விரல் லென்ஸை மறைப்பது எல்லோருக்கும் நடக்கும். லென்ஸ் இருக்கும் மூலை எந்தக் கைக்கு வருகிறது என்று ஒருமுறை காட்டி, அந்தக் கையால் விளிம்பை மட்டும் பிடிக்கச் சொன்னால் தீரும்.

கண்ணாடி விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் திரை தெளியும், எதிரே நிற்கிற பேரன் மங்குவான். கழற்றினால் பேரன் தெரிவான், திரை மங்கும். இந்த இழுபறியில்தான் படத்தில் தலை வெட்டுப்படுகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். வெயிலில் திரை தெரியவில்லை என்றால் ஆட்டோ பிரைட்னஸ் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்கிறதென்று யாராவது அணைத்து வைத்திருப்பார்கள்.

"முதல்ல நல்லா எடுத்துச்சு, இப்ப எல்லாம் புகை மூட்டமா இருக்குது" என்கிற புகார் ஆறேழு மாதத்தில் வரும். லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்: தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்து, வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய படலம். அதன்மேல் திருநீறு, மஞ்சள் தூள், தறிக்குடோனாக இருந்தால் பஞ்சுத் தூசி. போன் இருக்கும் இடம் சட்டைப் பையோ, பட்டாபட்டிப் பையோ, சுருக்குப்பையோ. எல்லாம் ஒட்டத்தான் செய்யும். விளக்கு இருக்கும் படத்தில் ஒளி கோடு கோடாக இழுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அழுக்குதான். முதலில் ஊதித் தூசியை அகற்றி, லேசாக ஈரமாக்கிய மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். பஞ்சுத் தூசி சார்ஜர் துளையிலும் அடையும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெதுவாக நெண்டி எடுக்கலாம். ஊக்கு, ஊசி கூடவே கூடாது.

பெரியவர்கள் இந்தக் கேமராவை எதற்குத்தான் எடுக்கிறார்கள்? பேரப்பிள்ளைகள் படம் உண்டு, ஆனால் நெடுநாள் நிலைத்த பயன் வேறு இரண்டு: படிப்பது, காட்டுவது.

படிப்பதற்கு உதாரணம் மாத்திரை அட்டை. காலாவதித் தேதி வெள்ளித்தாளில் அச்சு அழுத்தமாக மட்டும் இருக்கும். கேமராவை நேராகப் பிடித்து நேரலையில் படிக்க முயன்றால் கை ஆடும். ஜன்னல் பக்கம் அட்டையைச் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல், 2 மடங்கு ஜூமில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தை விரலால் விரித்துப் படிக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளித்தாள் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் கூகுள் லென்ஸ் தமிழாக்கிக் காட்டும். சாரம் பிடிபடும், தொகையையும் தேதியையும் மட்டும் காகிதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுவதில் முதலிடம் தென்னைக்குத்தான். தென்னையைத் தாக்கும் பூச்சியான சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்டது. அதிலிருந்து தோப்புக்காரர்கள் படம் அனுப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. தோட்டக்கலை அலுவலருக்கோ ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பும் படம் பயன்பட வேண்டுமென்றால் ஒரு படம் போதாது. பத்துப் பதினைந்து அடி எட்டி நின்று கொண்டை முழுதும் தெரிய ஒன்று. வெள்ளை ஈ இருப்பது கீற்றின் அடிப்பக்கம், வட்ட வட்டமாக வெள்ளை மெழுகுச் சுருளாகத் தெரியும். ஆகவே கீற்றைத் திருப்பி ஒன்று. அது சுரக்கும் தேன்போன்ற திரவம் கீழ்மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். கீழ்மட்டையின் மேற்பக்கம் ஒன்று. வாடல் நோய் சந்தேகம் என்றால் கதை வேறு: இலைகள் தளர்ந்து உள்நோக்கி வளைவதும் மஞ்சளாவதும் மட்டை முழுவதையும் பார்த்தால்தான் புரியும், அங்கே கிட்டப்படம் உதவாது.

மர உச்சியை 10 மடங்கு ஜூமில் எடுப்பது வீண். வெறும் சேறாகத்தான் வரும். மரமேறுபவரிடம் சொல்லி ஒரு மட்டையை வெட்டிப் போட்டு நிழலில் வைத்து எடுங்கள். மிக அருகில் கொண்டு போகவும் வேண்டாம். முதன்மை லென்ஸ் நான்கு அங்குலத்துக்குள் பெரும்பாலும் ஃபோகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2 மடங்கு ஜூம் வைத்தால் தெளிவாக வரும். மேக்ரோ என்று தனியாகக் கொடுத்திருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸை மறந்துவிடலாம். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், ஈயும் மெழுகும் ஒன்றாகக் குழம்பிப் போகும். மேலே உள்ள எச்டி குறியைத் தொட்டோ டாக்குமெண்டாகவோ அனுப்ப வேண்டும். கூடவே மரத்தின் வயது, தண்ணீர் விடும் முறை, எப்போதிருந்து இப்படி என்பதை வாய்ஸ் மெசேஜாகச் சொல்லிவிட்டால் எதிர்முனையில் பதில் சொல்வது எளிது. படம் பார்த்து நோய் சொல்லும் செயலிகளின் பதிலைத் துப்பாக மட்டும் எடுங்கள். மஞ்சளிப்பு என்பது சத்துக் குறையாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

மில் ஓய்வூதியர்களுக்கு முன்கேமராவே முக்கியம். ஜீவன் பிரமான் உயிர்வாழ் சான்றை முகம் காட்டி எடுக்கும் வசதி 2021 நவம்பரில் வந்தது. 5 மெகாபிக்சல் கேமரா, ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமான் ஆகிய இரண்டு செயலிகள், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்), வங்கிக் கணக்கு, ஆதார் விவரம் இருந்தால் வீட்டிலேயே முடியும். பி.எஃப். ஓய்வூதியர்களுக்கு எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்.

தோற்றுப்போவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். போனை மடியில் வைத்துக் குனிந்து பார்க்கிறார்கள், கேமராவுக்கு முகவாய்தான் தெரிகிறது. இன்னொருவர் கண் மட்டத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ வாசலோ இருந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முகத்தின்மேல் விழும்படி, வெறும் சுவருக்கு முன் உட்கார வையுங்கள். மூன்றாவது, மூக்குக்கண்ணாடியின் பளபளப்பு. அதையும் தலைத்துண்டையும் கழற்றிவிட வேண்டும். கண் சிமிட்டச் சொல்லும்போது மெதுவாக மூடித் திறந்தால் போதும். திரை கறுப்பாகவே நின்றால், முன்பு எப்போதோ கேமரா அனுமதியை மறுத்திருப்பார்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருந்தால் சில செயலிகளில் அடுத்து தொட வேண்டிய பட்டன் திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும், தள்ளிப் பார்க்கவும். எவ்வளவு முயன்றும் முகம் ஒப்பவில்லை என்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தரும் வழி இருக்கிறது.

பயன்படாமல் கிடப்பவை: பனோரமா, அழகூட்டும் ஃபில்டர், 50 மெகாபிக்சல் முறை. ஃபில்டரை அணைத்தே கொடுங்கள். சுருக்கமில்லாத தன் முகத்தைப் பார்த்து ஆத்தா யாரோ என்று நினைக்கக் கூடாது. நைட் மோடு இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கச் சொல்லும். கோயில் தீபத்துக்குச் சரி, வள்ளி கும்மிக்குச் சரிப்படாது. ஆடுகிறவர்கள் எல்லாம் நிழலாகத்தான் விழுவார்கள். அங்கே வீடியோ எடுப்பதே மேல்.

க்யூஆர் பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுக்கத்தான் ஸ்கேன் செய்வது. பணம் வாங்குவதற்கு எதையும் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லிச் சொல்லிக்கொடுப்பது நல்ல வழி, ஆனால் வீட்டார் தவிர வேறு யார் கேட்டாலும் பகிரக் கூடாது.

64 ஜிபி போன் ஒரே வருடத்தில் நிரம்புகிறது, அதுவும் சொந்தப் படங்களால் அல்ல, காலை வணக்கப் படங்களால். புதிதாக வாங்கினால் 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியையும் அணைத்தால் கேலரியில் தான் எடுத்த படம் மட்டும் நிற்கும். அப்போதுதான் அவர்களால் தேடி எடுக்க முடியும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன் செய்யுங்கள்; இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். தவறி அழித்த படம், பேக்கப் ஆகியிருந்தால் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாததென்றால் 30 நாள்.

போன் தொலைந்தாலும் புதுப்போன் மாற்றினாலும் படங்கள் திரும்பி வருவது அந்தக் கூகுள் கணக்கு வழியாகத்தான். கடையில் அவசரத்துக்குத் திறந்து கொடுத்த கணக்கின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போவது வழக்கமாக நடக்கிறது. மின்னஞ்சல் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, பத்திரம் வைக்கும் பீரோவில் வையுங்கள். மீட்பு எண்ணாகப் பெரியவரின் எண்ணோடு நிறுத்தாமல் மகன் அல்லது மகளின் மின்னஞ்சலையும் சேருங்கள்; சிம் ரீசார்ஜ் இல்லாமல் போய் எண் கைமாறிவிட்டால், ஓடிபி வேறு யாருக்கோ போகும்.